உயிர் பெரிதா, பாட்டு பெரிதா?

எங்கள் புற்றுநோய்ப் பிரிவின் ஆலோசனை அறையில் ஒரு முற்பகலில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் ஒரு தாய். கேட்கப்பட்டவர் அவருடைய 26 வயது மகன். இருவரும் இசைவு தந்த பின்னரே எழுதுகிறோம். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம்.

இளம் ஆண்களுக்கு வரக்கூடிய, பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும் ஒருவகைப் புற்று அந்த இளைஞருக்கு வந்திருந்தது. தரவிருந்த மருந்துகளின் பக்கவிளைவுகளை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முடி கொட்டும் என்றார், இளைஞர் தலையசைத்தார். குமட்டல் இருக்கும் என்றார், தலையசைத்தார். சிறுநீரகத்தைக் காப்பதற்காக மணிக்கணக்கில் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும் என்றதற்கும் அப்படியே. சிலருக்குக் காது கேட்கும் திறன் குறையலாம் என்றபோது மட்டும் தலை அசையவில்லை.

"எவ்வளவு குறையும் சார்? சிம்பல் சத்தம் கேக்குமா?"

சிம்பல் என்றால் டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியால் தட்டும் பித்தளைத் தட்டு. மருத்துவருக்கு அது என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் தாய் பொறுமையிழந்துவிட்டார். "ஏண்டா, உசுரு பெருசா, பாட்டு பெருசா?" என்றார். அறையில் இருந்த எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. இளைஞர் சிரிக்கவில்லை. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

முடியை இழக்கச் சம்மதித்த ஒருவர், ஒரு பித்தளைத் தட்டின் ஓசைக்காக ஏன் கலங்கினார் என்பதை நாங்கள் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். விளங்கிக்கொண்டதனால் அவருடைய சிகிச்சையின் போக்கிலேயே சில மாற்றங்கள் செய்ய நேர்ந்தது. ஆகவே முதலில் அவருடைய ஆர்வத்தைப் பற்றியும், பிறகு அவருடைய காதைப் பற்றியும் சொல்கிறோம்.

அவர் சுயாதீன ராக் இசைக்குழுக்களின் ரசிகர். சுயாதீனம் என்பதற்கு இங்கே பொருள் எளியது: திரைப்படத்திற்காக அன்றி, பெரிய இசை நிறுவனத்தின் முதலீடும் இன்றி, தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, தாங்களே மேடையேற்றும் குழுக்கள். பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்று வளர்ந்த நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். கதாநாயகன் இல்லாத பாட்டு, காட்சி இல்லாத பாட்டு. இதற்காக ஒருவர் இரவு முழுதும் பேருந்தில் போவாரா?

போவார். ஆரப்பாளையத்தில் குமுளிப் பேருந்தில் ஏறி, அங்கிருந்து வண்டி மாறிக் கொச்சிக்குப் போய், மூன்று மணி நேரம் நின்றபடியே கேட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்பியவர் இவர். சென்னைக்கும் பெங்களூருக்கும் இப்படிப் போயிருக்கிறார். வார்டில் ஒரு மாலை இதைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியரை அரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார். அவரிடம் நாங்கள் கேட்டதையும், எங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இத்தகைய குழுக்களின் பிறப்பைச் சொல்பவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைக் குறிப்பிடுவது வழக்கம். நூற்பாலைகளுக்குப் பேர்போன ஊர். ஹார்வி மில்லின் சங்கொலியில் பொழுதறிந்த மதுரைக்காரர்களுக்கு அந்நியமான ஊர் அன்று. அங்கே பஸ்காக்ஸ் என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள், குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை 1,000 தட்டுகள். அவை விற்றுத் தீர்ந்து, மேலும் பல மடங்கு விற்றன. பெரிய நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஊர் ஊராக இளைஞர்கள் உணர்ந்துகொண்டது அதன் பிறகுதான்.

நம் பக்கத்தில் இது முற்றிலும் புதிதும் அன்று. திரைப்படத்தைச் சாராத தமிழ்ப் பாட்டுக்கு மேடை கண்டவர்களில் இலங்கையின் ஏ. ஈ. மனோகரன் முக்கியமானவர்; அவருடைய 'சுராங்கனி' இங்கு எந்த ஊர்த் திருவிழாவிலும் ஒலித்த பாட்டு. அது எந்தப் படம் என்று தேடியவர்கள் இன்றும் எங்கள் முதியோர் வார்டில் இருப்பார்கள். அண்மைக் காலத்தில் இந்தப் பாதை அகலமாகியிருக்கிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒருபுறம், கிடாரும் டிரம்ஸும் ஒருபுறம், நடுவில் கானா. அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020இல் பி.பி.சி. தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களின் களமாகவே இருந்துவந்த கானாவில் ஒரு பெண் குரல் எடுத்த இடம் அது.

'ஷான் ரோல்டன்' என்ற பெயரைக் கேட்டு வெளிநாட்டவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் 'கடல் புறா' எழுதிய சாண்டில்யனின் பேரர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவாகப் பாடிக்கொண்டிருந்தவர், பின்னாளில் 'ஜெய் பீம்' படத்திற்கு இசையமைத்தார். '96' படத்தின் இசையில் உருகியவர்கள், அதை அமைத்த கோவிந்த் வசந்தா கேரளத்தின் 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவின் வயலின் கலைஞர் என்பதை அறிந்திருக்கலாம். 2013இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஒன்றுசேர்ந்த அந்தக் குழு, கொச்சியில் வைற்றிலாவை அடுத்த தைக்கூடம் என்ற பகுதியின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. "அவங்க ஏரியாப் பாலத்துக்கு ஒரு பேண்டு இருக்கு. நமக்கும் இங்க ஒரு பாலம் இருக்கு, 'காளவாசல் பிரிட்ஜ்'னு ஆரம்பிச்சா என்ன?" என்று இளைஞர் எங்களிடம் கேட்டார். காளவாய் என்றால் சூளை. அதன் வாசல் என்பது ராக் இசைக்குப் பொருத்தமான பெயர்தான் என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

ஆனால் பதிவு செய்த பாட்டு கைபேசியிலேயே கிடைக்கும்போது நேரில் போய்க் கேட்பது எதற்காக? இந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில் எங்களை யோசிக்க வைத்தது. பதிவில் பாட்டு என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். மேடையில் அன்றன்று அது வேறாக இருக்கும். பாடகரின் தொண்டை கட்டியிருந்தால் அந்தக் கட்டிய குரலுக்கேற்ப மற்றவர்கள் வாசிப்பார்கள். டிரம்ஸ்காரர் ஓரிடத்தில் பிந்தினால் பேஸ் கிடார்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இருநூறு முந்நூறு பேர் மட்டுமே நிற்கும் இடத்தில் அந்தச் சிரிப்பு முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரியும். பேஸ் ஒலி காதில் அன்று, மார்கூட்டில் கேட்கும். நிகழ்ச்சி முடிந்ததும் அதே கலைஞர் தாமே ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் நின்று பேசலாம். "பெரிய பாடகர்ன்னா நாம ரசிகர். இவங்களுக்கு நாம சாட்சி" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சற்று வெட்கப்பட்டார்.

தாய் இதையெல்லாம் கட்டிலின் மறுபுறம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பாடல்கள் எதுவும் பிடிக்காது; ஒரே இரைச்சல் என்பார். ஆனால் அன்று பேச்சின் நடுவே அவராகவே ஒன்றைச் சொன்னார். அவருடைய பதினாறு வயதில், பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு மெல்லிசைக் கச்சேரி வந்திருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் தோழிகளோடு வயல் வரப்பில் நடந்து போய், நள்ளிரவு தாண்டும்வரை நின்று கேட்டுவிட்டு, விடியற்காலையில் தந்தையிடம் அடி வாங்கியிருக்கிறார். "அந்த கீபோர்டு வாசிச்ச பையன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். மகன் வியப்போடு பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கேட்டிராத கதை அது.

தென் தமிழகத்தில் நேரடி இசைக்கு ஏங்கும் பழக்கம் ராக் குழுக்களோடு வந்ததன்று. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனும் அவர் தம்பிகளும் ஊர் ஊராக மேடை போட்டுப் பாடிய காலத்தில், அவர்களைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும்தான் நாம். அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா ஆனார்.

இனி காதுக்கு வருவோம்.

இளைஞருக்குத் தரப்படவிருந்த மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். பல புற்றுகளில் உயிர்காக்கும் மருந்து. மாற்று சுலபமில்லாத மருந்து. அதற்கு உட்செவியைப் பாதிக்கும் தன்மை உண்டு. நம் உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஒரு சுருள் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை அவற்றை அசைக்கும்போதுதான் நமக்குக் கேட்கிறது. தோலோ இரத்தமோ போல இவை மறுபடி வளர்வதில்லை. பிறக்கும்போது பெற்றவையே கடைசிவரை. சுருளின் அடிப்பகுதியில் உள்ளவை மேல்சுருதி ஒலிகளை உணர்பவை. சிஸ்பிளாட்டின் முதலில் தாக்குவது அவற்றைத்தான். ஆகவே இழப்பு தொடங்கும்போது பேச்சு கேட்கும், வண்டிச் சத்தம் கேட்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பும், கொலுசின் ஓசையும், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும் மங்கும். சிம்பலின் ஒலி ஏறக்குறைய முழுவதுமே அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இளைஞர் அறிவியல் படித்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி.

எனவே மருந்தைத் தொடங்கும் முன்பே அவருக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யப்பட்டது. வழக்கமான பரிசோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கும்; அவருக்கு அதற்கு மேலும் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. வியப்பான செய்தி என்னவென்றால், முதல் பரிசோதனையிலேயே இடது காதில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. 4,000 ஹெர்ட்ஸ் அருகில் விழும் அத்தகைய பள்ளம் பேரொலியால் விழும் பள்ளம். பல ஆண்டுகள் ஸ்பீக்கர் அருகில் நின்றதன் கணக்கு அது. மருந்து வருவதற்கு முன்பே, தாம் விரும்பிய இசையே தம் காதில் கை வைத்திருந்தது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார்.

இங்கே சற்று நின்று, எல்லா வாசகர்களுக்கும் பயன்படும் சில எண்களைச் சொல்ல வேண்டும். ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறோம். பணியிடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு ஒன்றின்படி 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100 டெசிபலை எட்டினால் வெறும் 15 நிமிடம். ராக் நிகழ்ச்சிகள் மட்டும் அல்ல. நம் திருவிழாக்களின் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியிலும், கல்யாண ஊர்வலத்தின் ஸ்பீக்கர் வண்டிக்குப் பின்னாலும் அந்த அளவு எளிதில் எட்டிவிடும். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு தரநிலையை வெளியிட்டது. கைபேசியில் கேட்பவர்களுக்கு அந்த நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது, பஞ்சு ஒலியை மிகச் சிறிதளவே தடுக்கும். மெத்தென்ற நுரைப்பஞ்சில் செய்த செவியடைப்பான் விலை மிகக் குறைவு. அதை விரலால் மெல்லிதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே வைத்து, அது விரிந்து நிறையும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செருகுவதால் பயன் இல்லை. இன்னொரு வழி செலவே இல்லாதது: தள்ளி நிற்பது. திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மூன்றடியில் நிற்பவர் ஆறடிக்கு நகர்ந்தால் காதுக்கு அது பெரிய உதவி.

மேடையிலேயே வாழ்ந்தவர்களுக்கும் இந்தப் பாடம் தாமதமாகத்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 'தி கான்ட்ராக்ஷன்ஸ்' என்ற பெண்கள் குழுவில் பேஸ் கிடார் வாசித்த கேத்தி பெக், ஒரு பெரிய அரங்கில் வாசித்த பிறகு காதின் இரைச்சலோடும் கேள்விக் குறைபாட்டோடும் வீடு திரும்பினார். இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் காதைக் காத்துக்கொள்வதற்காக 1988இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். இசையை விட்டுவிடுங்கள் என்று அந்த அமைப்பு யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்கு அதில் பிடித்தது அதுதான்.

சிஸ்பிளாட்டின் மட்டும் அல்ல, வேறு சில மருந்துகளுக்கும் இக்குணம் உண்டு. கடும் தொற்றுகளுக்குத் தரும் ஜென்டமைசின், அமிகாசின், காசநோய்க்கு ஊசியாகத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், மிகுந்த அளவில் சிரை வழியே தரும் பியூரோசமைடு ஆகியவை அவற்றுள் சில. இவற்றைப் பெறும் காலத்தில் பேரொலியும் சேர்ந்தால் பாதிப்பு கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது; அது காதைக் காக்கப் போய் உயிரை விடுவதாகும். காதில் புதிதாக இரைச்சல் கேட்டால், பேச்சு தெளிவின்றிக் கேட்டால், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்லி வீட்டில் சண்டை வந்தால், உடனே எங்களிடம் சொல்லுங்கள். ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால், சளி என்று எண்ணி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டா. முதல் சில நாள்களுக்குள் வந்தால்தான் சிகிச்சைக்கு வாய்ப்பு அதிகம்.

இளைஞரின் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஒரு சிக்கல் வந்தது. அவர் ஓராண்டாகக் காத்திருந்த ஒரு குழு, அவருடைய மூன்றாம் சுற்று முடிந்து பத்தாம் நாளில் கோவையில் வாசிப்பதாக அறிவித்தது. போகலாமா என்று கேட்டார். கூடாது என்று சொன்னோம். மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை இரத்த வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்நாளில் நெருக்கடியான கூட்டத்தில் நின்றால், பிறருக்குச் சாதாரணச் சளியாக இருப்பது இவருக்கு அவசரப் பிரிவில் கொண்டுவந்து சேர்க்கும் காய்ச்சலாகலாம். அவர் வாதிடவில்லை. ஆனால் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை; சாப்பாடும் குறைந்தது. குமட்டலால் என்று முதலில் எண்ணினோம். தாய்தான் சொன்னார், "அது குமட்டல் இல்ல, அந்தக் கச்சேரி" என்று.

எங்கள் தவறு அதற்குப் பிறகே எங்களுக்கு உறைத்தது. 'கூடாது' என்று சொன்ன நாங்கள், 'எப்போது கூடும்' என்று சொல்லவில்லை. கோயில் கும்பாபிஷேகத்திற்குப் போகலாமா, பேத்தியின் சடங்குக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் எப்போதும் தேதி பார்த்துச் சொல்வோம். மருந்தின் நாளைக்கூட ஓரிரு நாள் நகர்த்த முடியுமா என்று பார்ப்போம். பாட்டுக் கச்சேரி என்றபோது மட்டும் அது ஒரு காரணமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் மறுபடி அவரிடம் சென்று, கடைசிச் சுற்று முடிந்து, இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், இன்ன மாதத்திலிருந்து போகலாம் என்று நாள்காட்டியில் குறித்துக் காட்டினோம். அன்று இரவு அவர் இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டதாகச் செவிலியர் குறிப்பு சொல்கிறது.

நோயோடு மேடையேறியவர்களின் கதைகளை அவர்தான் எங்களுக்குச் சொன்னார், நாங்களும் சரிபார்த்துக்கொண்டோம். சுயாதீனக் குழுவாகத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற ஆர்.இ.எம். குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி, 1995 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது கடும் தலைவலியால் மேடையில் இருந்து இறங்க நேர்ந்தது. மூளையின் இரத்தக்குழாய்ப் புடைப்பு ஒன்று வெடித்திருந்தது. அங்கேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று மாதத்திற்குள் மறுபடி மேடையேறினார். (வாழ்நாளில் இதுவரை கண்டிராத கடும் தலைவலி நொடியில் தாக்கினால் மாத்திரை போட்டுப் படுக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1997இல் அவர் குழுவை விட்டு விலகி விவசாயத்திற்குப் போனார். அதையும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கனடாவின் 'தி டிராஜிக்கலி ஹிப்' குழுவின் பாடகர் கார்ட் டௌனிக்கு மூளையில் குணப்படுத்த முடியாத கட்டி இருப்பது 2015 இறுதியில் தெரியவந்தது. சிகிச்சையால் நினைவாற்றல் குன்றியது. தாமே எழுதிய வரிகளே அவருக்கு நினைவில் வரவில்லை. ஆயினும் 2016 கோடையில் நாடு முழுதும் பயணம் செய்து பாடினார். மேடையின் பல இடங்களில் வரிகளைக் காட்டும் திரைகளை வைத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று சொந்த ஊரான கிங்ஸ்டனில் நடந்த கடைசி நிகழ்ச்சியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஒளிபரப்பில் கண்டார்கள். 2017 அக்டோபரில் அவர் இறந்தார். தாய்க்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று இளைஞர் கேட்டுக்கொண்டார்; ஆனால் தாய் அதற்கு முன்பே கேட்டுவிட்டிருந்தார்.

வேறு நோய் உள்ளவர்கள் இசை நிகழ்ச்சிக்கோ திருவிழாவுக்கோ போகும் முன் நினைவில் கொள்ள வேண்டியவை வேறு. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்ந்து நிற்க வேண்டா. அதில் காந்தம் இருக்கிறது. ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அதற்கு மறுநாளில் நிகழ்ச்சியை அமைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தில் தாகத்திற்குக் குடிக்கும் தண்ணீரும் சோடாவும் அன்றைய அளவுக்குள்ளேயே வர வேண்டும். மினுக்கும் ஒளியால் வலிப்பு வரும் இயல்பு சிலருக்கு உண்டு. அவர்கள் ஒளி மினுக்கத் தொடங்கியதும் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வருகிறார்கள் என்றால் நடத்துபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி இடம் கேளுங்கள். பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் பங்குபெறுவதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில் உரிமையாகவே பேசுகிறது. இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளியும் சுயாதீன இசையின் ரசிகையுமான சூசன் புல் 2000இல் தொடங்கிய ஓர் அமைப்பு, அரங்கு அரங்காகச் சென்று சாய்தளமும் தனி மேடையும் கழிவறையும் கேட்டு வாங்கியது. கேட்டதனால் கிடைத்தது.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். பிள்ளைக்கோ துணைவருக்கோ நோய் என்று தெரிந்த நாளிலிருந்து தங்கள் பாட்டை, பக்கத்து வீட்டுப் பேச்சை, வெள்ளிக்கிழமைக் கோயிலை எல்லாம் நிறுத்திவிடுபவர்களை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நோயாளியே அதைக் கண்டு குற்றவுணர்ச்சி கொள்கிறார். இந்தத் தாயும் ஆறு மாதமாக வீட்டில் வானொலியைத் தொடவில்லை என்று மகன்தான் எங்களிடம் முறையிட்டார்.

நான்கு சுற்றுகளும் முடிந்தன. கட்டி கரைந்துவிட்டது. கடைசிச் செவிப் பரிசோதனையில் 8,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இரு காதுகளிலும் குறைவு தெரிந்தது. பேச்சு வட்டாரம் பிழைத்திருந்தது. சிம்பல் எப்படிக் கேட்கிறது என்று கேட்டோம். "பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா கேக்குது" என்றார்.

குறித்துக் கொடுத்த மாதத்திற்கு அடுத்த மாதம், கொச்சியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். இந்த முறை தாயும் உடன் சென்றார். தனியே அனுப்ப மனமில்லை என்பது அவர் சொன்ன காரணம். இருவரும் செவியடைப்பான் வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு எட்டத்தில், பின்வரிசைச் சுவரோரம் நின்றிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது எப்படி இருந்தது என்று தாயிடம் விசாரித்தோம். பாட்டில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, நின்று நின்று முழங்கால் வலி, பேருந்தில் தூக்கமில்லை என்று நெடுநேரம் குறை சொன்னார். பிறகு, "அந்தக் கொட்டு வாசிச்ச பையன்தான் பாவம், ரெண்டரை மணி நேரம் ஓயாம அடிச்சான். அவன் சாப்பிட்டானா இல்லையான்னு கேக்கச் சொன்னேன், இவன் கேக்கவே இல்ல" என்றார்.